காந்தள்: பூவின் பெயரும் கிழங்கின் பெயரும்

சங்க இலக்கியம் பயின்றார்க்குக் காந்தள் என்றவுடன் மகளிரின் மெல்விரல் நினைவிற்கு வரும். முருகன் சூடும் கண்ணி நினைவிற்கு வரும். மழை பெய்து ஓய்ந்த குறிஞ்சி நிலத்துக் காலைப்பொழுது நினைவிற்கு வரும். அக்கொடியின் கிழங்கு உண்டாரைக் கொல்லும் என்பது நினைவிற்கு வருதல் அரிது. சித்த மருத்துவம் பயின்றார் நிலை இதற்கு மாறானது. கலப்பைக்கிழங்கு என்றவுடன் அவர் முதற்கண் எண்ணுவது நஞ்சு. அடுத்து எண்ணுவது அந்நஞ்சைத் தணிக்கும் முறை. அக்கிழங்கு ஈன்ற பூவைத்தான் கபிலர் பாடினார் என்னும் செய்தி அவர்தம் தொழிற்கு வேண்டுவதன்று. கொடி ஒன்று, வழங்கிய மொழியும் ஒன்று, எனினும் அதன் வரலாறு இரண்டாகப் பிரிந்து, ஒன்றையொன்று காணாமல் ஈராயிரம் ஆண்டு நடந்துள்ளது. இப்பிரிவைக் காட்டும் சான்று வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. அக்கொடிக்கு வழங்கும் பெயர்களே சான்றாகும். பூவைக் கண்டு இட்ட பெயர்கள் ஒருபுறம் நிற்கின்றன. கிழங்கை அகழ்ந்தோர் இட்ட பெயர்கள் மற்றொருபுறம் நிற்கின்றன. நஞ்சின் வரலாறு முழுவதும் பின்னவற்றுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் கொடியின் இயல்பைச் சுருங்கக் காண்போம். காந்தள் ஆண்டுதோறும் மடிந்து ஆண்டுதோறும் முளைக்கும் ஏறுகொடி. கோடையில் நிலத்தின்மேல் அதன் அடையாளம் எதுவும் இராது. கிழங்கு மட்டும் மண்ணுள் உறங்கும். மழை விழுந்தபின் தண்டு கிளம்பி, இலை நுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டி, அருகிலுள்ள புதரையும் வேலியையும் பற்றி ஏறும். இதழ்கள் ஆறு, அவை அலையலையாக மடிந்து மேல்நோக்கி வளைவன. அரும்பும் பொழுது பசுமை; விரியுங்கால் மஞ்சள்; முதிர முதிரச் செம்மை என ஒரே பூ நிறம் மாறும். ஆறு தாதுத்தாள்கள் ஆரக்கால் போல விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஒருபுறமாக மடங்கிக் கிடக்கும். கிழங்கு இரண்டு கிளையாகப் பிரிந்து, ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும், நாட்டுக்கலப்பையின் வடிவில் அமையும். பழங்கிழங்கு அவ்வாண்டே நலிந்தொழிய, புதுக்கிழங்கு அதனிடத்தில் உருவாகும். கொடி முழுவதும் நச்சுத்தன்மை உடையதே. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி.

பூவைக் கண்டோர்

காந்துதல் என்பது எரிதலும் ஒளிர்தலும் ஆம். காந்தள் என்னும் பெயர் அவ்வடியினின்று பிறந்ததெனக் கொள்ளுதல் பொருந்தும். பெயரிட்டவன் கண் பூவின்மேல் நின்றது என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா. தீயின் நிறத்தைக் கண்டான். தீயின் பெயரை இட்டான். புலவர்களும் அவன் கண்வழியே கண்டனர். குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த பூக்களைக் கபிலர் அடுக்கும்பொழுது முதலில் நிறுத்துவது செங்காந்தளையே.

குறுந்தொகையின் முதற்பாட்டே காந்தளில் முடிவது. தலைவன் கையுறையாகக் கொணர்ந்த பூவைத் தோழி ஏலாது மறுக்கின்றாள். மறுத்தற்கு அவள் கூறும் காரணம், செவ்வேளுக்குரிய எம் குன்றத்தில் இப்பூ குலைகுலையாக உள்ளது என்பதே. அவுணரைக் கொன்ற களத்தின் செம்மையையும் அம்பின் செம்மையையும் கோட்டின் செம்மையையும் அடுக்கிவந்த புலவர் திப்புத்தோளார், ஈற்றில் பூவையும் குருதியாகவே காண்கின்றார். நற்றிணை 34ஆம் பாட்டில் சூர்மகள் அருவியின் இசைக்கு ஏற்ப ஆடுகின்றாள். அவள் அணிந்தது பிறர் பறியாத குவளையொடு சேர்த்துக் கட்டிய காந்தள். ஆண்டும் அப்பூவிற்குக் குருதியே அடை. தொல்காப்பியர் வேலன் வெறியாட்டுக்கே காந்தள் எனப் பெயர் தந்து புறத்திணையுள் ஒரு துறையாக வைத்தார்.

பாம்பும் காந்தளும் ஒருங்கு வரும் பாடல்கள் தனியே கருதத்தக்கன. குறுந்தொகை 185இல், காற்றால் நலிந்து கூம்பிய காந்தள் பாறைமேல் கவிந்து கிடக்கும் தோற்றம், படம் ஒடுங்கிய பாம்புபோல் உள்ளது. 239இல், காந்தளில் தாது ஊதும் தும்பி பாம்பு உமிழ்ந்த மணிபோல் விளங்குகின்றது. குருதி, சூர், வெறி, பாம்பு என இத்துணை அச்சப் பொருள்கள் ஒரு பூவைச் சூழ்ந்து நிற்றலைக் காணும் இக்கால ஆராய்ச்சியாளர் ஒருவர், புலவர்கள் காந்தளின் நஞ்சை அறிந்தே இவ்வாறு பாடினர் என முடிவு கட்ட விரும்பலாம். அம்முடிவு கவர்ச்சியுடையது, ஆனால் சான்றுடையதன்று. பாம்பு உவமை வடிவு பற்றியது. குருதி உவமை நிறம் பற்றியது. கூம்பிய இதழ்க்கும் ஒடுங்கிய படத்திற்கும் உள்ள ஒப்புமையைக் கண்ணுடையார் எவரும் காண்பர். அதற்குக் கிழங்கின் குணத்தை அறிந்திருத்தல் வேண்டா. சூர்மகள் காந்தள் சூடுதல், அது முருகனின் மலையில் முருகனின் நிறத்தோடு பூத்தலால். இவ்வளவே பாடல்கள் தரும் செய்தி. இதற்கு மேலும் பிழிந்தெடுத்தல் உரையாசிரியர் எவரும் செய்யாத துணிவு.

திருமுருகாற்றுப்படை முருகன் சென்னியில் உள்ள காந்தட் கண்ணியை வண்டும் மொய்யாதது என்று சிறப்பிப்பதனை நஞ்சுக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். குறுந்தொகைத் தும்பி அதே பூவில் தாது ஊதுகின்றதே என்பதை அவர்க்கு நினைவூட்டினால் போதும். செடிநூலாரும் வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் இப்பூவை நாடி வருதலைப் பதிந்துள்ளனர். வண்டு மொய்யாமை தெய்வக் கண்ணியின் தனிச் சிறப்பேயன்றிக் காந்தளின் பொது இயல்பு அன்று.

இவ்வாறு கூறுவதனால், சங்ககாலத்தார் கிழங்கையே அறியார் என்பது கருத்தன்று. கபிலரின் குறுந்தொகை 361ஆம் பாட்டு அதற்கு நேர்மறுப்பாக நிற்கின்றது. முந்தின மாலை தலைவனின் மலையில் மழை பெய்தது. காலையில் ஆற்றுநீர் ஒரு காந்தளை வேரோடும் கிழங்கோடும் அடித்துக் கொணர்ந்தது. தலைவி அதனை எடுத்து, மெல்லிய இலை குழையுமாறு தழுவிக்கொள்கின்றாள். பின் வீட்டிற்குக் கொண்டுசென்று நடுகின்றாள். அன்னை அதனைத் தடுக்கவில்லை. தடுக்காத அன்னைக்குக் கைம்மாறாக மேலுலகமும் சிறிது என்பது தலைவியின் கூற்று. கபிலர் கிழங்கைத் தம் பாட்டில் வெறுமனே வைத்தார் அல்லர். கொய்த பூவை நட முடியாது; ஒடித்த தண்டு வேர்கொள்ளாது; காந்தள் மீண்டும் தழைப்பது கிழங்கினின்றே. ஆதலின் முழுமுதலும் வந்ததாகப் பாடினார். இந்நுட்பம் கொடியை அருகிருந்து கண்டவர்க்கே கூடும். மனைமுற்றத்தில் காந்தள் நட்டு வளர்க்கும் வழக்கம் அக்காலத்தே இருந்தது என்பதற்கும் இப்பாட்டைச் சான்றாகக் கொள்ளலாம். அன்னை கடியாமைக்கு உரையாசிரியர் காணும் நயம் அவள் களவை அறிந்தும் அறியாதவள் போன்றிருந்தாள் என்பது. கிழங்கின் குணம் அறிந்து இன்று இப்பாட்டைப் படிப்பவர்க்கு அன்னையின் வாளாமை சற்றே நெஞ்சை உறுத்தும். ஆயினும் அவ்வுறுத்தல் நம்முடையதேயன்றிக் கபிலருடையது அன்று.

கூடலூர் கிழாரின் பாட்டில் (குறுந். 167) புதுமனைவி கட்டித்தயிரைப் பிசைகின்றாள், அவள் விரல் காந்தள் போன்றது. காந்தளையும் தயிரையும் இப்புலவர் சேர்த்துவைத்தது தற்செயலே. மருத்துவரும் பிற்காலத்தில் அவ்விரண்டையும் சேர்த்தனர் என்பதைக் கீழே காண்போம்.

காந்தள், தோன்றி, கோடல்

இக்கொடியின் இலக்கியப் பெயர்கள் மூன்று. தோன்றி என்பது செங்காந்தள் என்றும் கோடல் என்பது வெண்காந்தள் என்றும் நிகண்டுகள் பொருள் தந்தன; பின்வந்த அகராதிகள் அதனையே வழிமொழிந்தன. ஆனால் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் காந்தளையும் கோடலையும் தோன்றியையும் வெவ்வேறிடத்தில் வெவ்வேறு பூக்களாக எண்ணியுள்ளார். முல்லைப்பாட்டும் கோடல் அங்கைபோல் விரியத் தோன்றி குருதிபோல் பூத்ததாக இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்துகின்றது. கோடல் வெண்ணிறம் உடையதாகலின் அதனை இக்கொடியினின்று பிரித்தல் எளிது. காந்தளையும் தோன்றியையும் பிரித்தலே கடினம். இரண்டும் செந்நிறம், இரண்டும் குருதிக்கு உவமை, இரண்டும் மழைக்குப் பின் பூப்பன.

தோன்றி என்பது இக்கொடியின் காட்டுநிலப் பெயர் என்றும், காந்தள் என்பது அதன் மலைநிலப் பெயர் என்றும் கொள்வதே எமக்கு ஏற்புடைத்தாகத் தோன்றுகின்றது. முல்லைத்திணைப் பாடல்களில் தோன்றி மிக வழங்குதலும் குறிஞ்சித்திணைப் பாடல்களில் காந்தள் மிக வழங்குதலும் இதற்கு அரண். குறிஞ்சிப்பாட்டின் பட்டியல் தடையாகும் எனின், அப்பட்டியல் செடிநூற் பாகுபாடு அன்று. பல நிலத்துப் பெயர்களையும் செவிக்கு இனிதாக ஒருங்கு தொகுத்த பாட்டு என்பதை மறத்தல் கூடாது. இதனினும் வலிய சான்று மேற்குக் கடற்கரையில் உள்ளது. மலையாளத்தில் இக்கொடிக்கு இன்றும் மேந்தோன்னி என்பதே பெயர். தமிழில் றகரத்தோடு வரும் மெல்லொற்று அம்மொழியில் இரட்டித்த னகரமாதல் பொதுவிதி. ஒன்று என்பது ஒன்னு ஆவதும், கன்று என்பது கன்னு ஆவதும் காண்க. அவ்வாறே தோன்றி என்பது தோன்னி ஆயிற்று. தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் மறைந்த சங்கச் சொல் சேரநாட்டுப் பேச்சில் உயிரோடு உள்ளது. அச்சொல் சுட்டும் கொடி நம் செங்காந்தளே என்பதில் ஐயமில்லை.

அப்பெயர் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய மலையாள மருத்துவர் துணையோடு தொகுத்த மலபார்ச் செடிநூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்சுடர்டாமில் வெளிவந்தது. அதன் ஏழாம் தொகுதியில் இக்கொடி மெந்தோனி என்னும் பெயரோடு படமாக உள்ளது. ஐரோப்பியச் செடிநூலார் சிலர் அக்காலத்தே மெத்தோனிக்கா என இலத்தீனில் ஆண்ட பெயரும் இதனோடு ஒலியால் நெருங்கியது. தோன்றி உலகச் செடிநூலில் நிலைபெற்றிருக்க வேண்டும். ஆனால் 1753இல் இலின்னேயசு குளோரியோசா சூப்பர்பா எனப் புதுப்பெயர் இட்டார். புகழ்மிக்கது, பெருமிதமுடையது என்பது அதன் பொருள். சுவீடன் நாட்டவராகிய அவரும், தம்மை அறியாமலே, நம் புலவர் பக்கமே நின்றுவிட்டார். கிழங்கைப் பற்றி அப்பெயரில் ஒரு குறிப்பும் இல்லை.

கிழங்கை அகழ்ந்தோர்

இனி மறுபக்கப் பெயர்களைக் காண்போம். கலப்பைக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு, இலாங்கலி, அக்கினிச்சலம், தலைச்சுருளி என்பன மருத்துவ வழக்கிலும் சிற்றூர் வழக்கிலும் உள்ளவை. இவற்றுள் பாதி கிழங்கு என்றே முடிதல் காண்க. இவற்றுள் தலைச்சுருளி என்பது இலை நுனி சுருளுதலால் வந்த பெயர். இந்நஞ்சால் தலைமயிர் உதிர்தலோடு இப்பெயரை முடிச்சிடுதல் பொருந்தாது.

கலப்பை என்பது கிழங்கின் வடிவால் வந்த பெயர். வடமொழியும் இக்கிழங்கை அவ்வடிவாலேயே இலாங்கலி என்றும் அலினி என்றும் வழங்கிற்று. இலாங்கலமும் அலமும் கலப்பையின் பெயர்கள். இலாங்கலமும் நம் நாஞ்சிலும் தம்முள் உறவுடைய சொற்கள் என்பது மொழிநூலார் பலர்தம் கருத்து. எது மூலம் என்னும் வழக்கில் இங்கு நுழைய வேண்டா. உழுகுடிகள் மண்ணைக் கிளறும்பொழுது கலப்பை வடிவக் கிழங்கொன்று கலப்பைமுனையிலேயே வெளிப்படுவதைக் கண்டு இட்ட பெயர் என்பது மட்டும் தெளிவு. மலைமேல் நின்று பூவைப் பாடியவன் இட்ட பெயர் இஃது அன்று.

பதினாறாம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் தரும் பெயர்களில் இரண்டு வரலாற்றுக்கு இன்றியமையாதன. ஒன்று விசல்யா. சல்லியம் என்பது உடலில் தைத்த அம்புமுனை முதலியன. அதனை நீக்குவது விசல்யா. இப்பெயர் அமரகோசத்திலும் உண்டு. மற்றொன்று கருப்பநுத்து, கருவைத் தள்ளுவது. உடலுள் தைத்ததனைத் தள்ளும் பொருளே கருவையும் தள்ளும் என்னும் ஒரே எண்ணத்தின் இருமுகங்களாக இப்பெயர்கள் உள்ளன. சுசுருத சங்கிதையின் சாரீரப் பகுதி, மகப்பேற்றின்பின் நஞ்சுக்கொடி வெளிப்படாதபொழுது இலாங்கலி வேரை அரைத்துத் தாயின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பூசுமாறு கூறுகின்றது. உள்ளே கொடுக்குமாறு ஆண்டுக் கூறவில்லை என்பது நோக்கத்தக்கது. கிழங்கின் வன்மையை நன்கறிந்த மருத்துவரே அதனைத் தோலின் புறத்தே நிறுத்தியிருத்தல் கூடும்.

ஆனால் நூலில் நின்ற எல்லை வீட்டில் நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய மருந்துப் பொருள்களைத் தொகுத்த ஐரோப்பிய மருத்துவர்கள், இக்கிழங்கு கருச்சிதைவிற்கும் உயிர்மாய்ப்பிற்கும் பயன்பட்டதனைக் குறித்தே சென்றனர். கருப்பநுத்து என்னும் அழகிய வடசொல்லின் பின்னே எத்தனை பெண்களின் இறப்பு மறைந்துள்ளது என்பதற்கு ஏடு இல்லை. அப்பெண்கள் பாடப்பெற்றவரும் அல்லர். மருத்துவ நூலில் பெயர் பெற்றவரும் அல்லர். ஒரு பெயரீறு மட்டுமே அவர்க்கு நடுகல்.

வடமொழி மருத்துவம் இக்கிழங்கை ஏழு உபவிடங்களுள் ஒன்றாக வைத்தது. எருக்கம்பால், கள்ளிப்பால், அலரி, குன்றி, அபின், ஊமத்தை என்பன ஏனை ஆறு. இவ்வேழும் வேலியோரத்தும் தரிசிலும் வழியோரத்தும் கிடைப்பன என்பதை, அபினை நீக்கிவிட்டு, எண்ணிப் பார்க்க வேண்டும். அரசர்தம் நஞ்சுக்கு மலையேறி வச்சநாபி கொணர வேண்டும். ஏழையர்தம் நஞ்சுக்கு வாயிலைத் திறந்தால் போதும். வடநாட்டு மருந்துக்கடைகளில் இக்கிழங்கையே வச்சநாபி என்னும் பெயரால் விற்றமையும் இதனோடு எண்ணத்தக்கது.

சித்த மருத்துவர் இக்கிழங்கை அப்படியே கையாளார். சிறு துண்டாக நறுக்கி, உப்பிட்ட மோரில் இரவு ஊறவைத்துப் பகலில் உலர்த்தி, இவ்வாறு ஏழு நாள் செய்வது ஒரு முறை. கூடலூர் கிழாரின் தயிரை முன்னர்க் குறித்தது இதனாலேயே. இம்முறை நஞ்சை ஓரளவு குறைக்குமேயன்றி முற்றும் நீக்காது என்பதை இங்கு அழுத்திக் கூறவேண்டும். புறப்பூச்சாகத் தோல்நோய்க்கும் கடிக்கும் இதனை ஆளுதல் பெருவழக்கு. இலைச்சாறு பேன் கொல்லவும் பயன்பட்டது.

கண்வலிக்கிழங்கு என்னும் பெயர்க்குச் சிற்றூரார் கூறும் காரணம், இப்பூவை உற்றுநோக்கினால் கண்வலி வரும் என்பது. செடிநூல் இதனை ஏலாது. ஆனால் வேலியில் தீச்சுடர்போல் பூத்து நிற்கும் கொடியினின்று சிறார் கையை விலக்கி வைத்தற்கு இதனினும் எளிய கட்டளை ஒன்றைப் பாட்டியர் கண்டிருக்க முடியாது. புலவர் நோக்கச் சொன்ன பூவை இவர்கள் நோக்காதே என்றனர். இரண்டு வரலாறும் நேர்க்குநேர் முட்டும் இடம் இஃது ஒன்றே எனலாம்.

நஞ்சின் இயல்பு

ஐரோப்பிய வேதியியல் இக்கிழங்கை அணுகியது காலந்தாழ்த்தே. கல்கத்தாவில் வேதியியல் பேராசிரியராக இருந்த வார்டன் 1880இல் இதனின்று ஒரு கசப்புப் பொருளைப் பிரித்துச் சூப்பர்பைன் எனப் பெயரிட்டு, அது நரிவெங்காய இனத்தின் கசப்பை ஒத்தது எனக் கருதினார். சென்னை மருத்துவர் முகைதீன் செரீபு இக்கிழங்கைச் சிறுசிறு அளவாகத் தாமே உட்கொண்டு பார்த்து, எண்ணப்படும் அளவிற்கு இது கொடியதன்று என எழுதினார். அவர்தம் துணிவு வியத்தற்குரியது. முடிவு பின்பற்றற்குரியது அன்று. 1915இல் கிளூவர், கிரீன், தூத்தின் என்னும் மூவர் இக்கிழங்கின் நஞ்சு கோல்ச்சிசினே என நிறுவினர். ஐரோப்பியக் கோல்ச்சிக்கம் என்னும் செடியினின்று 1820இல் பெல்லெத்தியேயும் கவாந்துவும் பிரித்தெடுத்த பொருள் அது. காந்தளும் அச்செடியும் ஒரே குடும்பத்தின என்று இன்றைய செடிநூல் வகுத்துள்ளது.

இந்நஞ்சு எவ்வாறு கொல்கின்றது என்பது பின்னரே விளங்கிற்று. உயிரணு இரண்டாகப் பிரியும்பொழுது நிறப்புரிகளை இருபுறமும் இழுத்துச் செல்லும் நுண்ணிழைகள் உண்டு. கோல்ச்சிசின் அவ்விழைகளின் மூலப்புரதத்தைப் பற்றிக்கொண்டு இழை உருவாகாமல் தடுக்கும். பிரிவு நடுவழியில் நின்றுவிடும். 1937இல் பிளேக்சுலீ இதனையே கருவியாக்கிச் செடிகளின் நிறப்புரித் தொகையை இரட்டிக்கச் செய்தார். பயிர்நூலார்க்கு இது பெருங்கொடை ஆயிற்று. அப்புரதம் எது என்பது 1967இல் கோல்ச்சிசினைக் கொண்டே கண்டறியப்பெற்றது.

உடலில் விரைந்து பிரியும் அணுக்கள் உள்ள இடங்களே முதலில் தாக்குறும்: குடற்சுவர், எலும்புமச்சை, மயிர்க்கால், கரு. உண்டவர்க்குச் சில மணி நேரம் ஒன்றும் தோன்றாது. பின்னர்த் தொண்டை எரிச்சல், ஓயாத வாந்தி, குருதி கலந்த கழிச்சல் தொடங்கும். நீர் வற்றி நாடி தளரும். இரண்டாம் மூன்றாம் நாளில் குருதியணுக்கள் குறையும். சிறுநீரகம், நெஞ்சம், மூச்சு என உறுப்புகள் ஒவ்வொன்றாகச் சோரும். அவ்வாரத்தைக் கடந்து பிழைத்தார்க்கு இரண்டாம் வாரத்தளவில் தலைமயிர் கொத்துக்கொத்தாக உதிரும், பின் முளைக்கும். இலங்கையில் இக்கிழங்கு தின்று பிழைத்த பெண் ஒருவர்க்கு உடல்மயிர் முழுவதும் உதிர்ந்தமையை அந்நாட்டு மருத்துவர் ஒருவர் 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். இதற்கெனத் தனி மாற்றுமருந்து இன்றும் மருத்துவமனைகளில் இல்லை. விரைந்து கொண்டுசேர்த்தலும் உறுப்புகளைத் தாங்குதலுமே மருத்துவம். தொடக்கத்தில் துன்பம் தோன்றாமை கண்டு ஏமாறிக் காலந்தாழ்த்தலே பலர்க்குக் கூற்றாகின்றது.

இவ்விளக்கத்தை வைத்துக்கொண்டு பாவப்பிரகாசத்தின் பெயரை மீளவும் பார்த்தால், கருப்பநுத்து என்பது வெறுங் கற்பனைப் பெயர் அன்று என்பது புலனாகும். பிரியும் அணுவைக் கொல்லும் பொருள், பிரிதலையே தொழிலாகக் கொண்ட கருவைத் தாக்குகின்றது. அதே வேளையில் தாயின் குடலையும் மச்சையையும் விடுவதில்லை. பெயரிட்டோர் பாதியைக் கண்டனர். மறுபாதியைக் கண்ட பெண்கள் பெயரிட எஞ்சவில்லை.

அளவறிந்து ஆண்டால் இதே பொருள் மருந்தாதலும் உண்மையே. கௌட் என்னும் மூட்டுநோய்க்குக் கோல்ச்சிசின் நெடுங்காலம் வழங்கி வருகின்றது. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதய நாள நோய்க்கும் மிகச் சிறிய அளவில் இதற்கு இசைவளித்தது. நோய் தணிக்கும் அளவிற்கும் உயிர் போக்கும் அளவிற்கும் இடையிலுள்ள வெளி மிகக் குறுகியது. கிழங்கில் உள்ள நஞ்சின் அளவோ நிலத்திற்கு நிலமும் பருவத்திற்குப் பருவமும் வேறுபடும். எனவே மாத்திரையை வைத்துக் கிழங்கை மதிப்பிட இயலாது.

இன்றைய வழக்கு

இந்நாளில் செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் அதுவே. ஈழத்தமிழர் இதனைக் கார்த்திகைப்பூ என வழங்கி, மாவீரர் நினைவோடு இணைத்துப் போற்றுகின்றனர். இவை யாவும் பூவின் வரலாறு. கிழங்கின் வரலாறும் நின்றுவிடவில்லை. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களிலும் வேதாரணியத்திலும் கண்வலிக்கிழங்கு வயற்பயிராகிப் பல ஆண்டுகள் ஆயின. விதை கோல்ச்சிசினுக்காக அயல்நாடு செல்கின்றது. சூல்தண்டு ஒருபுறம் மடங்கிக் கிடத்தலின் தாது தானே அதனைச் சென்று சேர்தல் அரிது. ஆதலின் பூக்கும் பருவத்தில் நாள்தோறும் காலையில் ஆட்கள் பூப்பூவாகத் தாது எடுத்துச் சூல்முடியில் தடவுகின்றனர். காட்டில் தானே வளர்ந்த கிழங்கை விதைக்கிழங்கிற்காகவும் மருந்திற்காகவும் அகழ்ந்ததனால் மலைச்சாரல் பலவற்றில் கொடி அருகிவிட்டது.

மறுபுறம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு என எண்ணி உண்டு மாண்டாரும், மனம் உடைந்து வேண்டுமென்றே உண்டு மாண்டாரும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மருத்துவப் பதிவுகளில் தொடர்ந்து காணப்பெறுகின்றனர். பிழையாக உண்டவர் பூவைக் கண்டிருந்தால் உண்டிரார். கோடையில் கொடி மடிந்தபின் மண்ணுள் கிடப்பது கிழங்கு மட்டுமே; அப்பொழுது அதனை அடையாளம் காட்டுவதற்குத் தோன்றியும் இல்லை, காந்தளும் இல்லை.

பெயர்க்குழப்பம் இவ்விடத்தில் ஏட்டளவில் நிற்பதன்று. அகராதியில் காந்தள் என்னும் சொல்லை எடுத்தவர் கலப்பைக்கிழங்கிற்கும், கலப்பைக்கிழங்கை எடுத்தவர் காந்தளுக்கும் செல்லுமாறு காட்டுதல் வேண்டும். இரண்டிடத்தும் நஞ்சு என்னும் சொல் இருத்தல் வேண்டும். அண்மைக் காலத்துச் செய்தித்தாள்களிலும் விளம்பரங்களிலும் கண்வலி என்பது கண்வழி எனத் திரிந்து வருகின்றது. லகரம் ழகரமான இத்திரிபைத் திருத்தமெனக் கருதி ஆள்வோரும் உளர். வலி என்னும் சொல் போனால், உற்றுநோக்காதே என்ற பாட்டியர் எச்சரிக்கையும் அதனோடு போய்விடும். மாநில மலரைப் பற்றிப் பள்ளிச்சிறார்க்கு எழுதுவோர் காந்தள்விரலோடு நிறுத்தாமல் கிழங்கின் படத்தையும் அருகே அச்சிடுவாராக.